சம்பளமே வேண்டாம் என்ற ஜார்ஜ் வாஷிங்டன்: விடாமல் 25,000 டாலர் கொடுத்த அமெரிக்கா, காரணம் என்ன?

கோடீஸ்வரர் ஒருவர் தேர்தலில் ஜெயித்து வந்து, அரசு சம்பளம் தனக்கு வேண்டாம் என்று அறிவித்தால் கைதட்டல் நிச்சயம். சொந்தக் காசு இருக்கும்போது மக்கள் வரிப்பணம் எதற்கு என்ற கேள்வியும் நியாயமாகத்தான் தெரியும்.

அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் சொன்னதும் இதேதான். அதுவும் ஒரு முறை அல்ல, பல முறை. ராணுவத் தளபதியாக இருந்தபோது அவர் சொன்னபடி நடந்தது. அதிபரானபோது நடக்கவில்லை. ஆண்டுக்கு 25,000 டாலர் சம்பளம் என்று சட்டமே போட்டது நாடாளுமன்றம். அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை.

வேண்டாம் என்றவருக்கு ஏன் கொடுத்தார்கள்? வசதியான தலைவர் சம்பளத்தை மறுப்பது நாட்டுக்கு லாபமா, நஷ்டமா? வாஷிங்டனின் வாழ்க்கையைப் பார்த்தால் இரண்டு பக்கமும் தெரியும்.

11 வயதில் அப்பாவை இழந்த பையன்

வாஷிங்டன் பிறந்தது 1732 பிப்ரவரி 22ஆம் தேதி, வர்ஜீனியாவில். அப்போது வர்ஜீனியா பிரிட்டனின் காலனி. அப்பா அகஸ்டின், நிலபுலன் உள்ளவர். ஓரளவு வசதியான குடும்பம்தான். ஆனால் பெரும் பணக்காரர்கள் வரிசையில் இல்லை.

1743இல் அப்பா இறந்தார். அப்போது ஜார்ஜுக்கு வயது 11. மூத்த தாரத்து அண்ணன்கள் இங்கிலாந்து போய் படித்தவர்கள். ஜார்ஜுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. கல்லூரி வாசலையும் அவர் மிதிக்கவில்லை.

அவருக்குக் கைகொடுத்தது சர்வேயர் வேலை. 1749இல், 17 வயதில், கல்பெப்பர் கவுன்டியின் நில அளவையாளராக நியமிக்கப்பட்டார். சங்கிலி வைத்து அடுத்தவர் நிலத்தை அளந்து கொடுத்தவர், எந்த நிலம் நல்ல நிலம் என்பதையும் கற்றுக்கொண்டார். சம்பாதித்த பணத்தில் 20 வயதை ஒட்டியே ஆயிரம் ஏக்கருக்கு மேல் வாங்கிப் போட்டார்.

இன்னொரு விஷயமும் உண்டு. அப்பாவின் உயில்படி அவர் பங்குக்கு வந்தது நிலம் மட்டும் அல்ல. 10 அடிமைகளும் வந்தார்கள். பின்னால் சம்பளம் பற்றிய பேச்சு வரும் இடத்தில் இதை மறக்க முடியாது.

குறைந்த சம்பளமா? அதுக்கு சம்பளமே வேண்டாம்!

1754இல் பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் இடையே வட அமெரிக்காவில் மோதல் தொடங்கியது. 22 வயது வாஷிங்டன், வர்ஜீனியா படையில் லெப்டினன்ட் கர்னல்.

அங்கே ஒரு பிரச்சினை. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளுக்கு ஒரு சம்பளம், காலனி அதிகாரிகளுக்கு அதைவிடக் குறைவான சம்பளம். வேலை ஒன்று, ஆபத்து ஒன்று, ஆனா சம்பளம் வேறு. வாஷிங்டனுக்கு இது பொறுக்கவில்லை. இந்த அற்பச் சம்பளத்துக்கு உயிரைப் பணயம் வைப்பதைவிட, சம்பளமே இல்லாமல் தொண்டராக வேலை செய்யத் தயார் என்று ஆளுநர் டின்விடிக்கு எழுதினார்.

பதவி அந்தஸ்தும் குறைக்கப்படும் நிலை வந்தபோது அதே ஆண்டு ராஜினாமா செய்தார். மறுஆண்டு பிரிட்டிஷ் தளபதி பிராடக்கின் உதவியாளராக, ஊதியம் இல்லாமல் போருக்குப் போனார். 1755 ஜூலையில் மொனாங்கஹேலா ஆற்றங்கரையில் நடந்த சண்டையில் பிராடக் படுகாயமடைந்து இறந்தார். வாஷிங்டன் ஏறியிருந்த 2 குதிரைகள் குண்டடிபட்டு விழுந்தன. அவர் கோட்டில் 4 குண்டுகள் துளைத்திருந்தன. உடம்பில் ஒரு காயமும் இல்லை.

இந்த முதல் மறுப்பில் தியாகம் மட்டும் இல்லை, ரோஷமும் இருந்தது. கூலிக்கு வேலை செய்பவன் என்ற பெயர் கூடாது, மரியாதைக்கு வேலை செய்பவன் என்ற பெயர் வேண்டும். அந்தக் காலத்து வர்ஜீனியா கனவான்களின் மனப்போக்கு அது.

பணம் எங்கிருந்து வந்தது?

1758இல் வர்ஜீனியா சட்டசபைக்குத் தேர்தல். ஃபிரெடரிக் கவுன்டியில் வாஷிங்டன் போட்டியிட்டார். ராணுவப் பணியில் இருந்ததால் வாக்குப்பதிவு நாளில் தொகுதியில் அவர் இல்லை. அவருக்காக நண்பர்கள் வாக்காளர்களைக் கவனித்தார்கள். ரம், பஞ்ச், ஒயின், பீர் என்று 100 கேலனுக்கும் மேல் ஊற்றிக் கொடுக்கப்பட்டது. பில் சுமார் 39 பவுண்டு. வாஷிங்டன் ஜெயித்தார்.

காசு இல்லாதவர் அன்றைக்கு வேட்பாளராக நிற்பதே கஷ்டம் என்பதற்கு இது ஒரு சாட்சி. வாக்களிக்கும் உரிமையும் சொத்து உள்ள ஆண்களுக்கு மட்டும்தான்.

1759 ஜனவரியில் மார்த்தா கஸ்டிஸ் என்ற இளம் விதவையை வாஷிங்டன் திருமணம் செய்தார். மார்த்தாவின் முதல் கணவர் வர்ஜீனியாவின் பெரிய பணக்காரர்களில் ஒருவர். அந்தச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கின் அனுபவ உரிமை மார்த்தாவோடு வந்தது. அதில் 84 அடிமைகளும் அடக்கம். அண்ணன் லாரன்ஸின் மவுன்ட் வெர்னான் பண்ணையும் 1761இல் முழுமையாக வாஷிங்டன் கைக்கு வந்தது.

ஒரே கல்யாணத்தில் மேல்தட்டுக்குப் போய்விட்டார் என்றே சொல்லலாம். ஆனா நிலம் இருந்த அளவுக்குக் கையில் ரொக்கம் இல்லை. புகையிலை விலை சரியாகக் கிடைக்காமல் 1764இல் லண்டன் வியாபாரிகளுக்குச் சுமார் 1,800 பவுண்டு கடன்பட்டிருந்தார். அதன் பிறகுதான் புகையிலையைக் குறைத்துக் கோதுமைக்கு மாறினார்.

1775: மாதம் 500 டாலர் வேண்டாம்

பிரிட்டனுக்கு எதிராக 13 காலனிகள் திரண்ட நேரம். 1775 ஜூன் 15ஆம் தேதி, பிலடெல்பியாவில் கூடிய கான்டினென்டல் காங்கிரஸ், வாஷிங்டனை ராணுவத்தின் தலைமைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தது. சம்பளமும் செலவும் சேர்த்து மாதம் 500 டாலர் என்று முடிவானது.

மறுநாள் பதவியை ஏற்றுக்கொண்ட வாஷிங்டன், சம்பளத்தை ஏற்கவில்லை. பணத்துக்காக இந்த வேலைக்கு வரவில்லை என்றார். ஆகும் செலவுக்குச் சரியாகக் கணக்கு எழுதுவதாகவும், அதை மட்டும் கொடுத்தால் போதும் என்றும் தெரிவித்தார்.

இதன் அரசியல் பலன் பெரியது. ராணுவத்தைக் கையில் வைத்திருப்பவர் நாளைக்கு மன்னராகிவிடுவாரோ என்ற பயம் அப்போது எல்லோருக்கும் இருந்தது. சம்பளம்கூட வாங்காத தளபதி என்ற பெயர் அந்தப் பயத்தைக் குறைத்தது.

அந்தச் செலவுக் கணக்கில் என்ன இருந்தது?

8 ஆண்டுகள் போர் நீடித்தது. 1783இல் வாஷிங்டன் தன் கைப்பட எழுதிய கணக்கை ஒப்படைத்தார். பயணம், சாப்பாடு, முகாம் செலவு, ஒற்றர்களுக்குக் கொடுத்த ரகசியப் பணம் என எல்லாம் அதில் இருந்தது. 1775 ஜூலையிலேயே ஒரு பதிவு உண்டு. பாஸ்டன் நகருக்குள் போய் ரகசியத் தகவல் தொடர்பை ஏற்படுத்த ஒருவருக்கு 333 டாலருக்குச் சற்று அதிகமாகக் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். ஆள் பெயர் வெற்றிடமாக விடப்பட்டிருக்கிறது.

மனைவி மார்த்தா ஒவ்வொரு குளிர்காலமும் முகாமுக்கு வந்து போன செலவும் கணக்கில் ஏறியது. ஆயிரம் பவுண்டுக்கும் மேல். இது சொந்தச் செலவு ஆகாதா என்ற தயக்கம் வாஷிங்டனுக்கே இருந்தது. போர் முடியும் வரை விடுப்பு எடுத்து வீட்டுக்குப் போகாமல் இருந்ததால்தான் மனைவி வர வேண்டியிருந்தது என்று காரணம் எழுதி, கடைசியில் சேர்த்துவிட்டார்.

அரசு தணிக்கையாளர்கள் வரி வரியாகச் சரிபார்த்தார்கள். 8 ஆண்டுக் கணக்கில் ஒரு டாலருக்கும் குறைவான வித்தியாசம்தான் வந்தது. அதுவும் வாஷிங்டனுக்குச் சேர வேண்டிய பாக்கி!

இப்போது கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். மாதம் 500 டாலர் என்றால் 8 ஆண்டுக்கு 48,000 டாலர். வாஷிங்டன் கொடுத்த செலவுக் கணக்கின் மொத்தம் அந்தத் தொகையைத் தாண்டியது. அதாவது சம்பளம் வேண்டாம் என்றதால் அரசுக்குப் பணம் மிச்சமாகவில்லை.

இதை மோசடி என்று சொல்ல முடியாது. போரை நடத்திய செலவும் அதில் கலந்திருக்கிறது, கணக்கும் சுத்தமாக இருந்தது. இன்னொன்று, காங்கிரஸ் அச்சிட்ட காகித டாலர் 1781 வாக்கில் கிட்டத்தட்ட செல்லாக்காசு ஆகிவிட்டது. சம்பளமாக வாங்கியிருந்தால் பெரும் பகுதி கரைந்திருக்கும். ஆனாலும் ஒரு உண்மை தெளிவாகிறது. சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. செலவுக் கணக்குக்கு அது கிடையாது. நேர்மையான ஆள் கையில் இருக்கும் வரை பிரச்சினை இல்லை. வேறு ஆள் வந்தால்?

தளபதிக்கு சம்பளம் வேண்டாம், சிப்பாய்க்கு?

சாதாரண சிப்பாயின் சம்பளம் மாதம் 6 டாலருக்குச் சற்று அதிகம். அதுவும் பல மாதங்கள் வராது. ஊரில் குடும்பம் பட்டினி, முகாமில் செருப்பு இல்லாத கால்கள்.

1781 ஜனவரி முதல் தேதி, பென்சில்வேனியா படையைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் சம்பளப் பாக்கி உள்ளிட்ட குறைகளுக்காகக் கலகத்தில் இறங்கினார்கள். அவர்களோடு பேச்சுவார்த்தை நடந்தது. அதே மாதம் நியூஜெர்சி படையிலும் கலகம் வெடித்தது. இந்த முறை வாஷிங்டன் படை அனுப்பி அடக்கினார். தலைமை தாங்கிய 2 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

1783 மார்ச்சில் அதிகாரிகளே கொதித்தார்கள். ஆயுள் முழுக்கப் பாதிச் சம்பளம் தருவதாகக் காங்கிரஸ் கொடுத்த வாக்கு காற்றில் போய்விடும் என்ற நிலை. நியூபர்க் முகாமில் பெயரில்லாக் கடிதங்கள் சுற்றின. ராணுவம் அரசை மிரட்டும் கட்டத்துக்குப் போனது.

மார்ச் 15ஆம் தேதி அதிகாரிகள் கூட்டத்துக்குள் வாஷிங்டன் நுழைந்தார். பொறுமையாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு கடிதத்தை வாசிக்க எடுத்தவர், எழுத்து தெரியாமல் தடுமாறி மூக்குக்கண்ணாடியை எடுத்தார். அவர் கண்ணாடி போட்டு அதிகாரிகளில் பலர் அதுவரை பார்த்ததில்லை. நாட்டுக்காக உழைத்து முடி நரைத்தது போதாதென்று இப்போது பார்வையும் போகிறது என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார். பலர் கண் கலங்கினார்கள். கலகப் பேச்சு அத்தோடு அடங்கியது.

சம்பளம் வாங்காத தளபதி என்பதால் அவர் பேச்சுக்கு எடை கூடியது. இது மறுப்பின் நல்ல பக்கம். ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மவுன்ட் வெர்னான் போல ஒரு பண்ணை கிடையாது. அவர்களுக்குச் சம்பளம் என்பது கௌரவப் பிரச்சினை அல்ல, அடுப்புப் பிரச்சினை. தலைவர் சம்பளம் வாங்காமல் இருப்பதைக் காட்டி மற்றவர்களையும் சும்மா இருக்கச் சொல்ல முடியாது என்பதை அந்த முகாம் காட்டியது.

பிராங்ளின் சொன்ன யோசனை

1783 டிசம்பர் 23ஆம் தேதி தளபதி பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாஷிங்டன் ஊருக்குப் போனார். 1785இல் வர்ஜீனியா சட்டசபை, கால்வாய் கம்பெனிகளின் பங்குகளை அவருக்குப் பரிசாகக் கொடுத்தது. வாங்கினாலும் சங்கடம், மறுத்தாலும் சங்கடம். பொதுக் காரியத்துக்குப் பயன்படுத்துவது என்ற நிபந்தனையோடுதான் ஏற்றார். பிறகு அதில் ஒரு பகுதி ஒரு கல்வி நிலையத்துக்குப் போனது. அதுதான் இன்றைய வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழகம்.

1787இல் பிலடெல்பியாவில் அரசியல் சாசன மாநாடு. தலைமை வாஷிங்டன். ஜூன் 2ஆம் தேதி 81 வயது பெஞ்சமின் பிராங்ளின் ஒரு யோசனை வைத்தார். நாட்டின் நிர்வாகத் தலைவருக்குச் செலவுத் தொகை மட்டும் போதும், சம்பளம் கூடாது என்பதே அது. உடல்நிலை காரணமாக அவர் உரையை ஜேம்ஸ் வில்சன் வாசித்தார்.

பிராங்ளினின் வாதம் இதுதான். அதிகார ஆசை, பண ஆசை இரண்டும் மனிதனை ஆட்டிப் படைக்கும். ஒரே பதவியில் இரண்டும் கிடைத்தால், நல்லவர்கள் ஒதுங்கிப் பேராசைக்காரர்கள் முண்டியடிப்பார்கள். சம்பளம் இல்லாமல் ஆள் கிடைப்பாரா என்ற சந்தேகத்துக்கு, அதே மாநாட்டில் இருந்த வாஷிங்டனைத்தான் உதாரணம் காட்டினார்.

அலெக்சாண்டர் ஹாமில்டன் அதை வழிமொழிந்தார். ஆனாலும் யாரும் விவாதிக்கவில்லை. பெரியவர் சொல்கிறார் என்ற மரியாதையோடு ஒத்திவைத்தார்கள், அவ்வளவுதான். பிறகு யாரும் எடுக்கவில்லை.

பிரிட்டனில் அப்போது நடைமுறையே அதுதான். நாடாளுமன்றப் பொதுச்சபை உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. அதனால் நிலப்பிரபுக்களும் பணக்காரர்களுமே சபையை நிரப்பினார்கள். 1838இல் சார்ட்டிஸ்ட் இயக்கத்துத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் உறுப்பினர்களுக்குச் சம்பளம் என்பதும் ஒன்று. அது நிறைவேற 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நிர்ணயிக்கப்பட்ட சம்பளம் 400 பவுண்டு.

அமெரிக்க அரசியல் சாசனம் வேறு வழியில் போனது. அதிபருக்குச் சம்பளம் உண்டு. அவர் பதவிக்காலத்தில் அதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வேறு படிகளும் வாங்கக் கூடாது. காரணத்தை 1788இல் ஹாமில்டனே எழுதினார். ஒருவரின் பிழைப்பு யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில் அந்த மனிதரின் முடிவும் போய்விடும் என்பது அதன் சாரம். அதிபரின் சம்பளத்தைக் காட்டி நாடாளுமன்றம் அவரை ஆட்டிவைக்கக் கூடாது என்பதற்கான பூட்டு அது.

கடன் வாங்கிப் பதவியேற்கப் போன அதிபர்

1789இல் தேர்வாளர்கள் 69 பேரின் ஆதரவோடும் வாஷிங்டன் ஒருமனதாக அதிபரானார். ஆயிரக்கணக்கான ஏக்கருக்குச் சொந்தக்காரர். ஆனா கையில் காசு இல்லை!

விளைச்சல் மோசம். கடன் வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. மேற்கில் வாங்கிப் போட்ட நிலம் விலை போகவில்லை. அலெக்சாண்ட்ரியா ஊரின் ரிச்சர்ட் கான்வே என்பவரிடம் பழைய பாக்கிகளைத் தீர்க்க 500 பவுண்டு கடன் வாங்கினார். நியூயார்க் போகும் செலவுக்கு மேலும் 100 பவுண்டு.

அப்படிப் போனவர்தான், ஏப்ரல் 30ஆம் தேதி பதவியேற்பு உரையில் சம்பளம் வேண்டாம் என்றார். போரின்போது கடைப்பிடித்த முறையே தொடரட்டும், உண்மையான செலவை மட்டும் கொடுங்கள் என்று நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டார்.

நாடாளுமன்றம் யோசித்தது. அரசியல் சாசனம் சொல்வது செலவுத் தொகையை அல்ல, சம்பளத்தை. அது வாஷிங்டன் என்ற மனிதருக்கானது அல்ல, அதிபர் என்ற பதவிக்கானது. இன்று இவர் மறுத்தால் நாளை வருபவரும் மறுக்க வேண்டிய கட்டாயம் வரும். வசதி இல்லாதவர் அந்தப் பக்கமே வர மாட்டார்.

எவ்வளவு கொடுப்பது என்பதில் வெவ்வேறு தொகைகள் பேசப்பட்டன. கடைசியில் 1789 செப்டம்பரில் ஆண்டுக்கு 25,000 டாலர் என்று சட்டம் வந்தது. ஒப்பிட்டால் அதன் அளவு புரியும். துணை அதிபருக்கு 5,000 டாலர். தலைமை நீதிபதிக்கு 4,000. வெளியுறவு, நிதித்துறைகளின் தலைவர்களுக்கு 3,500. நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கூட்டம் நடக்கும் நாட்களில் ஒரு நாளுக்கு 6 டாலர்.

வாஷிங்டன் வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தில்தான் அதிபர் மாளிகையின் சமையல், விருந்து, வேலையாட்கள், குதிரை வண்டி எல்லாம் ஓட வேண்டும். வீட்டுச் செலவுக்கு அடிக்கடி முன்பணம் எடுக்கும் நிலை வந்தது.

1795 அக்டோபரில் அது அரசியல் சர்ச்சையானது. சட்டம் அனுமதித்ததைவிடக் கூடுதலாகச் சம்பளம் எடுத்துவிட்டார் என்று பிலடெல்பியாவின் அரோரா பத்திரிகையில் புனைபெயரில் கட்டுரைகள் வந்தன. அந்தப் பத்திரிகையை நடத்தியவர், சம்பளமே கூடாது என்ற பிராங்ளினின் பேரன்! சில சமயம் முன்கூட்டி எடுத்தது உண்மை, ஆனால் நாடாளுமன்றம் ஒதுக்கிய மொத்தத் தொகையைத் தாண்டவில்லை என்று நிதித்துறை விளக்கம் கொடுத்தது. சம்பளம் சட்டத்தில் எழுதப்பட்டிருந்ததால்தான் இப்படிக் கேள்வி கேட்கவே முடிந்தது.

உண்மையில் சம்பளம் வாங்காதவர்கள் யார்?

வாஷிங்டன் பல ஆண்டுகள் சம்பளம் இல்லாமல் பொது வேலை பார்க்க முடிந்தது எப்படி? அவர் ஊரில் இல்லாதபோதும் மவுன்ட் வெர்னானில் வேலை நடந்துகொண்டே இருந்தது. உழுதவர்கள், அறுத்தவர்கள், சமைத்தவர்கள், துணி தைத்தவர்கள் பெரும்பாலும் அடிமைகள். அவர்களுக்குக் கூலி கிடையாது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் கிடையாது.

1790இல் தலைநகரம் பிலடெல்பியாவுக்கு மாறியது. பென்சில்வேனியாவின் 1780ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளி மாநிலத்தவர் கொண்டுவரும் அடிமைகள் 6 மாதம் அங்கே தங்கினால் விடுதலை கோரலாம். அதைத் தவிர்க்க, அதிபர் வீட்டு அடிமைகள் 6 மாதம் முடியும் முன்பே மாநிலத்துக்கு வெளியே அனுப்பப்பட்டு, பிறகு திருப்பிக் கொண்டுவரப்பட்டார்கள்.

1796 மே மாதம் மார்த்தாவின் பணிப்பெண் ஓனா ஜட்ஜ், 20களின் தொடக்கத்தில் இருந்தவர், அதிபர் வீட்டிலிருந்து தப்பித்து நியூ ஹாம்ப்ஷயர் போனார். பிடித்துக் கொடுப்பவருக்கு 10 டாலர் பரிசு என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. வாஷிங்டன் தரப்பு முயன்றும் அவர் திரும்பவில்லை. 1848இல் இறக்கும் வரை பிடிபடவும் இல்லை.

ஒருவர் இலவசமாகச் சேவை செய்கிறார் என்றால், அதற்கான செலவை எங்கோ யாரோ சுமக்கிறார்கள். வாஷிங்டன் விஷயத்தில் அந்தச் சுமையைத் தூக்கியவர்கள் இவர்கள்.

பதவிக்கு ஆளே கிடைக்கவில்லை

இரண்டாவது பதவிக்காலத்தில் வாஷிங்டனுக்குப் புதுத் தலைவலி. 1794 இறுதியில் ராணுவ அமைச்சர் ஹென்றி நாக்ஸ் விலகினார். 1795 ஜனவரியில் நிதியமைச்சர் ஹாமில்டன் விலகினார். இருவருக்கும் பணக் கஷ்டம் ஒரு முக்கியக் காரணம். ஹாமில்டன் நியூயார்க் போய் மீண்டும் வக்கீல் தொழில் பார்த்தார்.

1795 ஆகஸ்டில் வெளியுறவு அமைச்சர் ராண்டால்ஃப் ராஜினாமா செய்தபோது நிலைமை இன்னும் மோசம். வாஷிங்டன் கேட்டவர்களில் 5 பேர் வரிசையாக மறுத்தார்கள். அதற்குப் பிறகுதான் திமோதி பிக்கரிங் ஏற்றார். மறுத்த எல்லோருக்கும் சம்பளம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் திறமையானவர்கள் அரசுப் பதவியை ஏற்கத் தயங்குவதை அதிபர் நேரடியாகப் பார்த்தார்.

1796 டிசம்பர் 7ஆம் தேதி நாடாளுமன்றத்தில் அவர் ஆற்றிய கடைசி ஆண்டு உரையில் அந்த அனுபவம் வெளிப்பட்டது. உயர் பதவிகளுக்கான சம்பளத்தை மறுபரிசீலனை செய்யும்படி கேட்டுக்கொண்டார். சம்பளத்தில் விழும் துண்டைச் சொந்தப் பணத்தால் ஈடுகட்ட வேண்டிய நிலை இருந்தால், பதவிக்கு வரக்கூடியவர்களின் வட்டம் சுருங்கிவிடும் என்றார். திறமையும் நேர்மையும் இருந்தும் பணம் இல்லை என்பதற்காக ஒருவரை வெளியே நிறுத்துவது, இந்த அரசின் அடிப்படைக்கே விரோதம் என்றும் எச்சரித்தார்.

இதைச் சொன்னவர், 21 ஆண்டுகளுக்கு முன் மாதம் 500 டாலரை வேண்டாம் என்ற அதே மனிதர். தன் பழைய மறுப்பைத் தவறு என்று அவர் சொல்லவில்லை. 1798இல் பிரான்சுடன் போர் அபாயம் வந்து மீண்டும் தளபதியாக நியமிக்கப்பட்டபோதும், களத்தில் இறங்கிச் செலவு வரும் வரை பணம் எதுவும் வேண்டாம் என்றே எழுதினார். தனக்கு வேண்டாம் என்பது வேறு, பதவிக்கே வேண்டாம் என்பது வேறு. இந்த வித்தியாசம்தான் அவருடைய கடைசி உரையில் இருப்பது.

உயிலில் என்ன எழுதினார்?

1799 டிசம்பர் 14ஆம் தேதி மவுன்ட் வெர்னானில் வாஷிங்டன் இறந்தார். வயது 67. அவர் விட்டுப்போன நிலம் 50,000 ஏக்கருக்கும் மேல்.

அப்போது பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள். சட்டப்படி அவருக்குச் சொந்தமானவர்கள் 123 பேர். தன் மனைவியின் காலத்துக்குப் பிறகு அவர்களை விடுவிக்க வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். மார்த்தா அதுவரை காத்திருக்காமல் 1801 ஜனவரி முதல் தேதியே விடுவித்தார். கஸ்டிஸ் குடும்பச் சொத்தாக இருந்தவர்களுக்கு அந்த விடுதலை கிடைக்கவில்லை.

இன்றைக்கு நிலை என்ன?

அமெரிக்க அதிபரின் சம்பளம் 2001 முதல் ஆண்டுக்கு 4 லட்சம் டாலர். அதிபர் ஏழையா, பணக்காரரா என்று பார்த்து அந்தத் தொகை மாறாது. சுரங்கத் தொழிலில் சம்பாதித்த ஹெர்பர்ட் ஹூவரும், செல்வந்தர் குடும்பத்து ஜான் எஃப். கென்னடியும் சம்பளத்தைத் தர்ம காரியங்களுக்குக் கொடுத்தார்கள். டொனால்ட் டிரம்ப் தன் முதல் பதவிக்காலத்தில் காலாண்டுச் சம்பளத்தை அரசுத் துறைகளுக்கே நன்கொடையாகத் திருப்பினார்.

பதவிக்குச் சம்பளம் உண்டு. வாங்கிய பிறகு அதை என்ன செய்வது என்பது வாங்கியவர் விருப்பம். 1789இல் போடப்பட்ட பாதை இதுதான். பணக்காரர் வேண்டாம் என்பதால் அரசுக்கு மிச்சமாவது ஒரு சம்பளம். ஆனா அதுவே வழக்கமாகிவிட்டால், மாதச் சம்பளத்தை நம்பி வாழும் ஒருவர் அந்த நாற்காலியைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. வாஷிங்டனுக்குச் சம்பளம் கொடுத்தே தீர வேண்டும் என்று அன்றைய நாடாளுமன்றம் நின்றதால், அவருக்குப் பின்னால் வரப்போகும் காசில்லாத அதிபருக்கும் வழி திறந்தே இருந்தது.